நீ அணைத்த மஞ்சள் விளக்கு

தினேசு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. பனியில் நின்று எடுத்த போட்டோவை நேற்றுப் போட்டிருந்தாய், பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறாய். இங்கே உன் தங்கச்சி அபி நன்றாக இல்லை. அதற்குக் காரணம் நீ. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நடுவில் பூந்து ஒன்பது சொல்வாய், மீட்டிங் என்பாய், சிக்னல் இல்லை என்பாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. வாயை மூடிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படி. எழுதி முடித்ததும் அபியிடமும் இதை வாசித்துக் காட்டுவேன். உனக்கும் எனக்கும் மட்டும் என்று மடித்து வைக்கிற விஷயம் இல்லை இது.

போன மாசம் குமுளி மலையில் என்ன நடந்தது என்று முழுசாகக் கேட்டுக்கொள். அபி மலையடிவாரத்துக் கூடலூரில் இருக்கிற தன் மருந்துக் கடையைத் திறக்க, குமுளியில் இருக்கிற மாமியார் வீட்டில் இருந்து நம்ம பழைய காரில் இறங்கிக்கொண்டிருந்தாள். கம்பத்தில் ஒரு காதுகுத்து இருந்ததால் அவள் மாமியாரும் கூட ஏறிக்கொண்டார். ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் எதிரே வரிசையாக மேலே வருகிற நேரம். முன்னால் ஒரு பஸ். வளைவுக்கு வளைவு நின்று நின்றுதான் இறங்க வேண்டியிருந்தது. நிற்கிற இடத்தில் எல்லாம் என்ஜின் வேகம் தானாக ஏறுவதும் இறங்குவதுமாக இருந்திருக்கிறது. முதல் மிதிகளுக்குப் பிடித்த பிரேக் அடுத்த மிதிக்குக் கல்லாகிவிட்டது. மொத்த உடம்பையும் ஊன்றி மிதித்தும் பெடல் அசையவில்லை. பஸ்ஸின் முதுகு நெருங்கி வருகிறது, அந்தப் பக்கம் பள்ளம். கியரை ஒன்றுக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப் பக்கத்து வாய்க்காலில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினாள் என் மகள். சாய்ந்து கிடந்த வண்டிக்குள் இருந்துதான் எனக்குப் போன் செய்தாள். “ம்மா, பிரேக்கு கல்லாப் போச்சும்மா. அத்தைக்குக் கையில அடி. எனக்கு ஒண்ணுமில்ல. நான் தப்பா எதுவும் பண்ணலம்மா.” கடைசி வார்த்தையை எதற்குச் சொன்னாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் நீ புரிய வைத்தாய்.

சம்பந்தி வீட்டுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்கு மறந்திருக்கும். “வண்டிய நான் பக்காவா ரெடி பண்ணித்தான் குடுத்தேன் மச்சான். மலையில ஓட்டத் தெரியாம பிரேக்க மிதிச்சுக்கிட்டே எறங்கியிருப்பா. சூடேறிப் பிடிக்காமப் போயிருக்கும்.” விவரமான பொய். மலையில் அப்படி நடப்பதும் உண்டு என்பதால் கூடத்தில் இருந்த எல்லாரும் தலையை ஆட்டினார்கள். சம்பந்தியம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “அவ கூடப் பொறந்த அண்ணனே சொல்றாக. இனி நாம என்னத்தப் பேச? பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு மலையில வண்டி?” என்றார். அபி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அன்றைக்கு உன் பேச்சைப் பாதி நம்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அன்றோடு அவள் வண்டி ஓட்டுவது நின்றது. பஸ் பிடித்துப் போகிறாள். பஸ் வருகிற நேரத்துக்குத்தான் கடை திறக்க முடிகிறது. காலையில் வந்து மூடிய கடையைப் பார்த்த ஆள், அடுத்த தடவை வேறு கடைக்குத்தான் போவார். யாவாரம் என்றால் அதுதான். இப்போது அந்த வீட்டில், “எதுக்கு இந்த அலைச்சல், கடைய யாருக்காச்சும் கைமாத்தி விட்டுருவோம்” என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். அவள் படித்த படிப்பு, அவள் பெயரில் வாங்கிய லைசென்ஸ், அவளே நின்று அடித்த அலமாரி, எல்லாம் நீ ஸ்பீக்கரில் பேசிய ஒரு பேச்சில் கைமாறப் போகிறது.

இப்போது வண்டிக்கு வருகிறேன். அந்தப் பழைய பெட்ரோல் கார் எனக்குப் பிள்ளை மாதிரி. உங்கப்பா போன பிறகு நம்ம பழ மண்டிக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பழத்துக்கு விலை பேச எனக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. பழைய வண்டியாகப் பார்த்து வாங்கி, ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்துப் பாதையில் முட்டி மோதி ஓட்டிப் பழகினேன். அபிக்கும் அதில்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். அவள் கல்யாணத்துக்குப் பிறகு, கடைக்குப் போக வர அதையே கொடுத்துவிடலாம் என்று முடிவானதும், நீ வெளிநாடு போவதற்கு முன்னால் அதைச் சரி பண்ணித் தருகிறேன் என்று நீயாகத்தான் கேட்டு வாங்கினாய். என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மீட்டரில் விடாமல் எரிந்துகொண்டிருந்தது. ஆன்லைனில் ஒரு சின்ன ஸ்கேனர் வாங்கி ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகினாய். லீன் என்று எரர் கோடு வந்தது. அப்படியென்றால் என்னடா என்று கேட்டேன். காற்று கூட, பெட்ரோல் கம்மி என்று அர்த்தம் என்றாய். உடனே ஆக்சிஜன் சென்சார் போயிருக்கும் என்று புதுசு வாங்கி மாட்டினாய். மறுநாளே விளக்கு திரும்ப எரிந்தது.

அதற்கு நான் உன்னைத் திட்டவில்லை. முதலில் தப்பான இடத்தைப் பார்ப்பது எல்லாருக்கும் நடக்கும். பிறகு நீயே சரியான இடத்துக்கு வந்தாய். வண்டி சும்மா நிற்கும்போதுதான் ஸ்கேனரில் கணக்கு ரொம்ப எகிறுகிறது, ரேஸ் கொடுத்தால் சரியாகிவிடுகிறது, அதனால் சென்சார் மேல் தப்பில்லை, எங்கேயோ காற்று கசிகிறது என்று சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினாய். “நம்ம மண்டி மாதிரிம்மா. வாசல்ல ஒரு ஆளு நின்னு வர்ற பெட்டிய எண்ணுறான். பின்பக்கச் சுவத்துல ஓட்ட இருந்து அது வழியா நாலு பெட்டி உள்ள வந்தா அவன் கணக்கு ஒதைக்கும்ல? கம்ப்யூட்டரு முன் வாசல்ல வர்ற காத்த மட்டுந்தான் எண்ணும். ஏதோ ஒரு ஹோஸ்ல ஓட்ட. வண்டி சும்மா நிக்கும்போது என்ஜின் இழுக்குறதே கொஞ்சக் காத்து, அதுல திருட்டுக் காத்துதான் பெருசாத் தெரியும்.” எனக்கு அவ்வளவு சந்தோசம். ஓட்டையை எப்படிடா கண்டுபிடிக்க என்று கேட்டேன். உள்ளே புகை விட்டால் ஓட்டை வழியாக வெளியே வரும், அதற்கு மெஷின் இருக்கிறது என்றாய். “வெள்ளிக்கிழம மண்டியில போடுற சாம்பிராணி பத்தாதாடா?” என்றேன். சோறு புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாய்.

ஆகவே உனக்குத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. அந்த ஓட்டையைத் தேட உனக்கு ஒரு வாரம் இருந்தது. கூட்டாளிகளோடு மேகமலைக்குப் போனாய். பயணப் பெட்டி வாங்க மதுரைக்குப் போனாய். வண்டியை ஒப்படைக்கிற நாள் வந்துவிட்டது. அதற்கு முந்தின நாள் நீ செய்ததைச் சொல்லட்டுமா? சம்பந்தி வீட்டார் பானெட்டைத் திறந்து பார்த்தால் பளபளவென்று இருக்க வேண்டும் என்று, துணியில் டீசலை நனைத்து என்ஜினையும் ரப்பர் ஹோஸ்களையும் துடைத்தாய். காலையில் ஸ்கேனரைச் சொருகி அந்த எரர் கோடை அழித்து விளக்கை அணைத்தாய். எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் பூசி, மாப்பிள்ளை சாவியைத் திருப்பினார். விளக்கு எல்லாம் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் எல்லாம் அணைந்தது. சம்பந்தி குனிந்து மீட்டரைப் பார்த்து, “புதுசு மாதிரியில்ல வச்சிருக்காக” என்றார். நான் உன்னைத் தனியாக இழுத்து, “சரியாயிருச்சாடா?” என்று கேட்டேன். “சரியாயிருச்சும்மா” என்றாய். என் கண்ணைப் பார்த்துச் சொன்னாய்.

ஏலே, நான் என்ன யாவாரம் செய்கிறேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? பன்னீர் திராட்சை. இந்தத் தொழிலில் ஊருக்கே தெரிந்த ஒரு திருட்டு உண்டு. பெட்டிக்கு அடியில் வெடித்ததையும் உதிர்ந்ததையும் போட்டு, மேலடுக்கில் நல்ல கொத்தாக நாலைந்தைப் பரப்பி மூடுவது. நீ காலேஜில் படிக்கும்போது ஒரு தடவை பறிக்கிற நேரத்தில் மழை அடித்துப் பழம் எல்லாம் வெடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குச் சரக்கு எடுக்க வந்த கோட்டயத்துக்காரர் முன்னால் நான் பெட்டியைத் தூக்கிச் சாக்கில் தலைகீழாகக் கவிழ்த்தேன். “சேச்சி, வேண்டா, கொட்டண்டா” என்று கொட்ட விடாமல் அவர் என் கையைப் பிடிக்க வந்தார். நீ என் காதில், “எதுக்கும்மா நம்ம சரக்க நாமளே அசிங்கப்படுத்துறோம்?” என்றாய். கோட்டயத்துக்காரர் விலையைக் குறைத்துத்தான் எடுத்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் பெட்டியைத் திறந்து பார்த்ததே இல்லை. போனில் சொன்னால் லாரி அனுப்புகிறார். ஆண்துணை இல்லாமல் இந்த மண்டியில் நான் உட்கார்ந்திருப்பது அந்த ஒரு பழக்கத்தால்தான். கொட்டிக் காட்டுகிறவள் என்று பெயர். அந்த வீட்டில் சோறு தின்ற நீ, உன் தங்கச்சிக்கு மேலடுக்கு பரப்பிக் கொடுத்தாய். உன்னிடம் மட்டும் நான் பெட்டியைக் கொட்டிப் பார்க்கவில்லை. நீ என் மகன் என்பதால்.

வாய்க்காலில் இருந்து தூக்கிய வண்டியை அல்லிநகரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அங்கே இருக்கிற சேகர் ஸ்கேனரை மாட்டியதும் அதே லீன் கோடுதான் வந்தது. “அக்கா, இத நடுவுல யாரோ அழிச்சிருக்காக. அழிச்சதுக்கப்புறம் வண்டி எம்புட்டுத் தூரம் ஓடியிருக்குன்னு இதுலயே காட்டும்” என்று காட்டினான். எல்லா வண்டியிலும் காட்டாதாம், நம்ம வண்டியில் காட்டியது. ஒப்படைத்த அன்றைக்கு மீட்டரில் எவ்வளவு ஓடியிருந்தது என்று இன்சூரன்ஸுக்காகப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். கழித்துப் பார்த்தேன். சந்தனம் பூசின காலையிலேயே போய் நின்றது கணக்கு.

அபியைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு அழுதாள். “அண்ணன் ஊருக்குப் போன மறு வாரமே லைட்டு திரும்ப எரிஞ்சுச்சும்மா. போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டேன். சென்சார் பழசு, சும்மா எரியும், கண்டுக்காதன்னாக. அதான் விட்டுட்டேன்.” அப்போ அன்றைக்குக் கூடத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “எல்லாரு முன்னாடியும் அண்ணனக் காட்டிக் குடுக்கச் சொல்றியாம்மா?” என்றாள். கேட்டுக்கொண்டாயா? நீ அவளை ஸ்பீக்கரில் வித்துக்கொண்டிருந்தபோது அவள் உன் மானத்தைக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

நீ தேடாத ஓட்டையை நாங்கள் தேடினோம். சேகரிடம் புகை மெஷின் இல்லை. மண்டியில் இருந்து சாம்பிராணியைக் கொண்டுபோனேன். மூடி போட்ட டின்னில் தணலை வைத்துச் சாம்பிராணியைப் போட்டு, ஒரு பக்கம் கைப்பம்பால் காற்று அடித்து, இன்னொரு பக்கம் குழாய் வழியாக, ஆறிக் கிடந்த என்ஜினுக்குள் புகையை விட்டான். காற்று உள்ளே போகிற வாயைப் பிளாஸ்டிக் பை கட்டி அடைத்துவிட்டோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு என்ஜினுக்குப் பின்பக்கம், பிரேக் பூஸ்டருக்குப் போகிற தடித்த ஹோஸின் அடியில் இருந்து நூல் மாதிரி புகை எழுந்தது. கழற்றினான். மேல் பக்கம் பார்த்தால் நீ துடைத்த பளபளப்பு அப்படியே இருக்கிறது. திருப்பினால் கிளிப் கடிக்கிற இடத்தில் ஊறி, உப்பி, வாயைப் பிளந்து கிடக்கிறது. “டீசல் பட்டா ரப்பர் ஊறிப்போகும்க்கா. சின்ன வெடிப்பா இருந்தது பெருசாயிருச்சு. பிரேக்கு லேசா மிதிக்கிறதுக்கு ஒத்தாச பண்ற காத்திழுப்பே இது வழியாத்தான் போகுது. பிரேக்கு சூடேறிக் கெட்டா பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், இல்லாட்டி ஆறினதும் பிடிக்கும்; இப்பிடிக் கல்லா நிக்காது. பாப்பா கல்லுன்னு சொன்னது சரிதான்” என்றான்.

நீ மெக்கானிக்கல் படித்தவன். பெடல் கல்லாகிவிட்டது என்று அபி உனக்கும் சொன்னாளே. என்ஜின் ஏறி இறங்கியதையும் சொன்னாளே. ரெண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நீ பார்த்திருப்பாய். பார்த்துவிட்டுத்தான், சூடேறியிருக்கும் என்று சொன்னாய். வண்டி பழசு, அதைக் காய்லாங்கடையில் போட்டிருக்க வேண்டும் என்று நேற்று எனக்கு மெசேஜ் வேறு அனுப்புகிறாய். வண்டி மேல் பழியைப் போடாதே. பழைய வண்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. கோளாறு இருக்கிறது என்று விளக்கைப் போட்டுச் சொன்னது. நீ அழித்த பிறகு மறுபடியும் போட்டுச் சொன்னது. “நேரம் இல்லம்மா, எங்கயோ கசியுது, கண்டுபிடிக்க முடியல” என்று ஒரு வார்த்தை அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சம்பந்தியிடம் பத்து நாள் பொறுங்கள் என்று சொல்லியிருப்பேன். அவர் ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பார். அவ்வளவுதான் போயிருக்கும் உன் மானம்.

நீ அந்த ஊரில் பெரிய ஆளாக வருவாய். எனக்குச் சந்தேகம் இல்லை. நாளைக்கு உன் கைக்குக் கீழே நாலு பேர் வேலை செய்வார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அழிக்கிற பட்டன் உன் கையில்தான் இருக்கும். அதை அழுத்துவதற்கு முன்னால், வாய்க்காலில் சாய்ந்து கிடந்த வண்டிக்குள் இருந்து “நான் தப்பா எதுவும் பண்ணலம்மா” என்று சொன்னவளை நினைத்துக்கொள். வேறு புத்திமதி எல்லாம் உனக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது, எல்லாம் தெரிந்தவன் நீ.

இந்த இடம் வரைக்கும் எழுதியதை, பஸ் பிடித்து என்னைப் பார்க்க வந்த அபியிடம் இப்போதுதான் வாசித்துக் காட்டினேன். “வேணாம்மா, அண்ணன் தனியாக் கெடக்காக, மனசு ஒடஞ்சு போவாக” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆத்தா, ஒனக்குக் கடை வேணுமா வேணாமா, அத மட்டும் சொல்லு” என்றேன். என் கையை விட்டுவிட்டு, “வேணும்” என்றாள். அது போதும் எனக்கு.

புது ஹோஸ் மாட்டியாகிவிட்டது. விளக்கை யாரும் அழிக்கவில்லை. ஓட்டை அடைபட்டு நாலு நாள் ஓட்டியதும் அதுவாகவே அணைந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு மலையேறிச் சம்பந்தி வீட்டுக்குப் போகிறேன். வெடித்த ஹோஸ் பக்கத்து சீட்டில், திராட்சைப் பெட்டிக்குள் இருக்கும். இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்புகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ சம்பந்தியைக் கூப்பிட வேண்டும். மாப்பிள்ளையிடம் தனியாகக் கிசுகிசுக்கிற வேலை ஆகாது. அன்றைக்கு மாதிரியே ஸ்பீக்கரில், சம்பந்தியம்மாவும் இருக்கும்போது, ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும், விளக்கை நான்தான் அழித்தேன், அபி ஓட்டியதில் தப்பில்லை, அவள் ஓட்டியதால்தான் நீங்கள் பிழைத்தீர்கள் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டாய் என்று அபி எனக்குப் போன் பண்ணினால், அடிவாரத்து லோயர் கேம்ப்பில் வண்டியை நிறுத்தி ஹோஸைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, பெட்டியில் பழம் வாங்கி நிரப்பிக்கொண்டு ஏறுவேன். போன் வரவில்லை என்றால் அந்தக் கூடத்தின் நடுவில் வைத்துப் பெட்டியைக் கவிழ்ப்பேன். நான் கவிழ்ப்பேனா மாட்டேனா என்று யோசிக்காதே. நீ பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய்.

இப்படிக்கு,
அம்மா